புற்றுமண்ணும் எக்ஸாஸ்ட் வால்வும்

அந்த வேனில் டாப்பெட் சத்தம் இருந்தது உண்மை. ஆனால் அது கோளாறு இல்லை. பழைய பெட்ரோல் வேன், மூன்று சிலிண்டர், முன்சீட்டுக்கு அடியில் என்ஜின். ஸ்டார்ட் செய்தால் தையல் மெஷின் ஓடுவதுபோல டிக் டிக் என்று ஒரு தட்டல் கேட்கும். வால்வின் தலைமாட்டில் அதைத் தட்டித் திறக்கிற ராக்கர் என்ற இரும்புக் கை ஒன்று உண்டு. இரண்டுக்கும் நடுவே மயிரளவு இடைவெளி இருந்தால்தான் அந்தத் தட்டல் வரும்; அதுதான் டாப்பெட் சத்தம். இடைவெளி இருந்தால்தான் வால்வு முழுதாக மூடும். எனக்கு இது தெரியும். தெரிந்துகொண்டேதான் அதை நிறுத்தினேன்.

ஒன்பதாம் வகுப்போடு ராயகிரியை விட்டுக் கிளம்பியவன் நான். லாரிக்கு அடியில் படுத்துத் தொழில் படித்தேன். நாமக்கல், பாலக்காடு, புனே என்று பல ஷெட்டுகள். எங்கும் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்ததில்லை. யாரோடும் சண்டை கிடையாது. இருப்புக் கொள்ளாது, அவ்வளவுதான். சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்ந்தபோது கையில் ஒரு டூல் பெட்டியும் ஒரு துணிப்பையும் இருந்தன. ராஜபாளையம் ரோட்டில் ஒரு ஷெட்டில் வேலை கிடைத்தது. முதலாளி காலையில் வந்து திறந்து வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். பகல் முழுக்க நான் மட்டும்தான்.

வேன்காரர் முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவர். தறிச் சத்தத்தில் காது பாதி போய்விட்டதால் எதிரில் நிற்கிறவனிடமும் உரக்கத்தான் பேசுவார். அவர் வந்து சத்தத்தைப் பற்றிக் குறை சொன்னது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

"வே, இந்தச் சத்தத்தை நிப்பாட்டணும்."

"எந்தச் சத்தம் அண்ணாச்சி?"

"எனக்கெங்க கேக்குது? அவளுக்குத்தான் கேக்குதாம். மண்டைக்குள்ள சுத்தியல் வச்சு அடிக்குத மாதிரி இருக்காம்."

பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. "ஊருக்கே கேக்குது தம்பி. இவியளுக்குத்தான் கேக்கல."

அவர் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். முதலில் பஸ்ஸில்தான் போய் வந்தார்கள். முடித்துத் திரும்பும்போது அந்த அம்மாவுக்குத் தலை நிற்காது, வாந்தி எடுக்கும், கை கால் தசை குரக்களி பிடித்து இழுக்கும். கூட்டத்தில் நின்றுகொண்டு வந்த நாளும் உண்டு. அதற்காகவே அவர் இந்தப் பழைய வேனை வாங்கினார். ஐம்பது தாண்டிய பிறகு வண்டி ஓட்டப் படித்தார். நாற்பதுக்கு மேல் வேகம் போகமாட்டார். பின்சீட்டில் ஒரு தலையணையும் போர்வையும் எப்போதும் கிடக்கும்.

என்ஜின் ஆறட்டும் என்று விட்டுவிட்டு, பழைய டயர் மேல் பலகை போட்டு அந்த அம்மாவை உட்கார வைத்தேன். நான் மேல்மூடியைக் கழற்றியதும் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தார்.

"இது என்ன தம்பி, கரண்டியக் கவுத்து வச்ச மாதிரி வரிசையா?"

"அதுதான் ராக்கர் மைனி. அதுக்குக் கீழதான் வால்வு. ஒரு சிலிண்டருக்கு ரெண்டு. பெருசு இன்லெட்டு. பிஸ்டன் கீழ எறங்கையில அது தொறக்கும், காத்தும் பெட்ரோலும் உள்ள வரும். பெறவு ரெண்டும் மூடிக்கிடும். உள்ள நெருப்புப் புடிக்கும், அந்த வேகத்துலதான் வண்டி ஓடுது. அது முடிஞ்சதும் சின்னது தொறந்து புகைய வெளிய விடும். அது எக்ஸாஸ்ட்டு."

"அப்போ ஒண்ணு வாயி, இன்னொண்ணு..."

"ஏட்டி, சும்மா இரி" என்றார் அவர்.

"எதுக்குச் சும்மா இருக்கணும்? எனக்கு எது கெட்டுப்போச்சுன்னு இப்பத்தான வெளங்குது. உள்ள போறதுல ஒரு கொறையும் இல்ல தம்பி, நல்லாத்தான் திங்கேன். வெளிய போறதுதான் மக்கர் பண்ணுது. எனக்கும் ரெண்டு புதுசு மாத்தி விடேன்."

"உங்க கம்பெனி ஸ்பேர் நம்மகிட்ட இல்ல மைனி."

அந்த அம்மா சிரித்தார். சிரித்தால் மூச்சு வாங்கியது. வேன்காரர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் என்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் காத்து எங்கன வழியா வே உள்ள போகுது?"

ஏர் ஃபில்டர் பெட்டியைக் காட்டினேன். கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி. நான்கு கிளிப்பைத் தட்டிவிட்டால் மூடி வந்துவிடும். உள்ளே காகிதம் மடித்த மாதிரி ஒரு வடிகட்டி, அதைத் தாண்டி ஒரு குழாய், அது நேரே இன்லெட் வால்வுக்குப் போகும். அவர் குனிந்து குழாயின் வாயைப் பார்த்தார். விரலால் தொட்டும் பார்த்தார். அதோடு விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

இடைவெளியை அளந்து வைப்பதற்கு மெல்லிய இரும்புத் தகடுகள் உண்டு. இன்லெட்டுக்கு ஒரு தகடு, எக்ஸாஸ்ட்டுக்கு அதைவிடத் தடிமனான ஒன்று. காரணம் எளிது. இன்லெட் வழியாகக் குளிர்ந்த காற்று வருகிறது. அந்த வால்வுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு குளியல். எக்ஸாஸ்ட் வழியாகப் போவது நெருப்பு. அந்த வால்வு சிவக்கச் சிவக்க வேலை செய்கிறது. சூடான இரும்பு நீளும். நீளுவதற்கு இடம் விடாமல் இறுக்கிவிட்டால் ராக்கர் வால்வை அழுத்திக்கொண்டே இருக்கும், வால்வு முழுதாக மூடாது. மூடி, ஹெட் என்கிற என்ஜின் தலைப்பாகத்தில் தன் சீட்டில் உட்கார்ந்திருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அது தன் சூட்டை இறக்கும். உட்கார விடாவிட்டால் ஆறாது. நெருப்பு அந்தச் சந்து வழியாகவே பீறிட்டு, நாளாக நாளாக வால்வின் விளிம்பைத் தின்றுவிடும்.

நான் அன்றைக்குத் தகட்டை எடுக்கவில்லை. ஆறு வால்வையும் கையால் ஆட்டிப் பார்த்து, ஆட்டம் அடங்குகிற வரை இறுக்கினேன். லாரி ஷெட்டுகளில் இது வழக்கம்தான். டாப்பெட் சத்தம் போடுகிற வண்டியைச் சீக்காளி என்று டிரைவர்கள் நினைப்பார்கள். சத்தம் இல்லாமல் அனுப்புகிறவன்தான் கைகாரன். அனுப்பிவிட்டு, கொஞ்ச நாளில் திரும்ப வரவழைத்துத் தளர்த்திவிடுவோம்.

ஸ்டார்ட் செய்தேன். அந்த அம்மா பின்சீட்டில் ஏறிச் சாய்ந்துகொண்டு கேட்டார்:

"ஸ்டார்ட் ஆயிட்டா தம்பி?"

வேன்காரர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. "ஒரு மாசம் கழிச்சுக் கொண்டாந்து காட்டுங்க அண்ணாச்சி" என்றேன். எதற்கு என்று சொல்லவில்லை. சொன்னால் மறுபடி சத்தம் வரும் என்பதையும் சொல்லவேண்டும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு மாதம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. வேன் ஷெட்டைத் தாண்டிப் போகும்போது அவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். சத்தமில்லாத வண்டியை எதற்கு மெக்கானிக்கிடம் கொண்டுவர வேண்டும்? நானும் கூப்பிட்டு நிறுத்தவில்லை.

சித்திரை வெயிலில் ஒரு வெள்ளிக்கிழமை, ஒன்பதரை மணி இருக்கும். போன் வந்தது.

"வே, வண்டி நின்னுட்டு. பனவடலிசத்திரம் தாண்டியாச்சு. தேவர்குளம் இன்னும் வரல."

"சத்தம் ஏதும் வந்துச்சா அண்ணாச்சி?"

"ஒரு சத்தமும் இல்லவே. இழுவை கொறைஞ்சுக்கிட்டே வந்து அப்பிடியே நின்னுட்டு. அவளுக்குப் பதினோரு மணிக்கு மெஷின் குடுத்திருக்காவ."

பக்கத்துக் கடையில் பைக்கை இரவல் வாங்கிக்கொண்டு டூல் பெட்டியோடு போனேன். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. ஒதுங்க ஒரு மரம் இல்லாத இடத்தில் வேன் நின்றது. கதவெல்லாம் திறந்து போட்டு, அவர் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவின் கால் இரண்டும் வீங்கி, செருப்பு கழற்றிக் கீழே கிடந்தது. டயாலிசிஸுக்கு இரண்டு நாள் இடைவெளி என்றால் உடம்பில் அவ்வளவு தண்ணீர் ஏறிவிடும் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அவர் பலமுறை சாவியைத் திருப்பிப் பார்த்ததில் பேட்டரி இறங்கியிருந்தது. இரண்டு பேரும் தள்ளி ஸ்டார்ட் செய்தோம். என்ஜின் நொண்டியது. பின்னால் போய், சட்டைப் பையில் கிடந்த ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்துப் புகைக்குழாய் வாயில் பிடித்தேன். நல்ல என்ஜின் என்றால் காகிதத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். இது தள்ளியது, சட்டென்று உள்ளே இழுத்தது, மறுபடி தள்ளியது. எக்ஸாஸ்ட் வால்வு எரிந்து மூடாமல் கிடந்தால்தான் வெளியே விட்ட மூச்சை என்ஜின் திரும்ப இழுக்கும். பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். மூன்றில் இரண்டு சிலிண்டர் செத்திருந்தது.

அங்கேயே ராக்கரைத் தளர்த்திப் பார்த்தேன். பயனில்லை என்று தெரிந்தே செய்தேன். எரிந்துபோன விளிம்பு தளர்த்தினால் வளராது. என் கையில் ஸ்பேனர் இருந்தது, ஸ்க்ரூடிரைவர் இருந்தது, என்ன கோளாறு என்று சந்தேகமில்லாமல் தெரிந்திருந்தது. ஒன்றும் செய்ய முடியவில்லை.

"எவ்வளவு நேரமாகும்வே?"

"இங்கன முடியாது அண்ணாச்சி. ஹெட்டக் கழத்தணும்."

டவுனிலிருந்து வேறு வண்டி கூப்பிட்டால் வந்து சேரவே முக்கால் மணி நேரம். திருநெல்வேலி பஸ் ஒன்று வந்தது. நடு ரோட்டில் நின்று மறித்தேன். நிற்க இடமில்லாத கூட்டம். அவர் மனைவியைத் தூக்கியே ஏற்றினார். யாரோ ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தது ஜன்னலில் தெரிந்தது. ஆஸ்பத்திரி ஃபைல் இருந்த பையைக் கீழிருந்து நீட்டினேன். அந்த அம்மா வாங்கிக்கொண்டு, அந்த நிலையிலும் சொன்னார்:

"நல்ல மெக்கானிக்குதான் போ. சத்தத்த நிப்பாட்டச் சொன்னா வண்டியவே நிப்பாட்டிட்ட."

பஸ்ஸில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் கேலியாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ் போன பிறகு வேனின் நிழலில் உட்கார்ந்து, இழுத்துப் போக டிராக்டர் வரும்வரை காத்திருந்தேன்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை. மெஷினில் வேறு ஆளைப் போட்டிருந்தார்கள். மறுநாள் மதியம் வரச் சொன்னார்கள். அதற்குள் அந்த அம்மாவுக்கு நெஞ்சில் நீர் கோத்து மூச்சுத் திணறிவிட்டது. ஆக்சிஜன் வைத்து, மூன்று நாள் படுக்கையில் வைத்திருந்து அனுப்பினார்கள்.

அந்த மூன்று நாளில் ஹெட்டைக் கழற்றிவிட்டேன். கவிழ்த்து வைத்து, ஒவ்வொரு துவாரத்திலும் மண்ணெண்ணெய் ஊற்றி எந்த வால்வு ஒழுகுகிறது என்று பார்த்தேன். இன்லெட் மூன்றும் ஒரு சொட்டுக்கூட விடவில்லை. எக்ஸாஸ்ட்டில் இரண்டு, ஊற்ற ஊற்றப் போய்க்கொண்டிருந்தன. எடுத்துப் பார்த்தால் எலி கடித்த அப்பளம்போல விளிம்பில் ஆளுக்கொரு பள்ளம். என் கை செய்த வேலை அது.

அடுத்து ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தேன். வடிகட்டியைத் தாண்டி, குழாயின் வாய்க்குப் பக்கத்தில், மஞ்சள் துணியில் முடிந்த ஒரு சின்னப் பொட்டலம். துணி ஓர் ஓரத்தில் கிழிந்து, குழாய்க்குள் மாவுபோல மண் படிந்திருந்தது. அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் ஷெட்டுக்குள் வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத் துணி எடுக்க வந்தவர். மூன்று நாள் தாடி.

பொட்டலத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அது நான் வச்சது" என்றார்.

கோயில் புற்றுமண். எந்த நோவுக்கும் இங்கே அதை நெற்றியில் பூசுவார்கள், தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் குடிப்பார்கள். அவரும் மனைவிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். சிறுநீரகம் போனவளுக்கு மண்ணைக் கரைத்துக் கொடுக்கிறாயா என்று டாக்டர் சத்தம் போட்டபின் நெற்றிக்கு மட்டும் வைத்தார். மீதியை என்ன செய்வது?

"நீருதான காமிச்சீரு, காத்து இங்கன வழியாத்தான் உள்ள போகுதுன்னு" என்றார். எப்போதும் உரக்கப் பேசுகிறவர், அன்று குரல் எழும்பவில்லை. "அவளுக்குத்தான் குடுக்க முடியல. அவள ஏத்திக்கிட்டுப் போற வண்டிக்காவது போகட்டும்னு வச்சேன். இதாலதான் கெட்டுப்போச்சா?"

எரிந்த வால்வு இரண்டும் மேஜையில் அவர் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தன. அப்போது நான் சொன்னது இதுதான்:

"மண்ணு உள்ள போனா என்ஜின் தாங்காது அண்ணாச்சி."

அதில் பொய் ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அந்த மண் சிலிண்டரை உரசித் தின்றிருக்கும். ஆனால் வண்டி நின்றது அதனால் அல்ல. அவர் பொட்டலத்தை என் கையிலிருந்து வாங்கி, துண்டில் முடிந்துகொண்டு போனார்.

புது வால்வு வரவழைத்து, பேஸ்ட் போட்டுச் சீட்டில் உட்காரும்வரை அரைத்து, இந்த முறை தகடு வைத்து அளந்து இடைவெளி விட்டேன். டிக் டிக் சத்தம் திரும்ப வந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அம்மாவும் கேட்கவில்லை. அந்த அம்மாவின் நெற்றியில் எப்போதும் இருக்கிற மண் தீற்றல் அன்று இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, வேன்காரர் எதிர்க்கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கப் போன நேரத்தில், அந்த அம்மா என்னை ஜன்னலுக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, இவிய இப்போ கோயில் பக்கமே போறதில்ல. வீட்டுல வெளக்குகூட என்னையத்தான் ஏத்தச் சொல்லுதாவ. 'நான் தொட்டதெல்லாம் ஒனக்குக் கெடுதலாத்தான் முடியுது'ன்னு சொல்லுதாவ. எனக்கு மாத்திரை எடுத்துக் குடுக்கவே பயப்படுதாவ. ரெண்டு தடவ எண்ணிப் பாத்துட்டு, பக்கத்து வீட்டுப் புள்ளையக் கூப்பிட்டு எண்ணச் சொல்லுதாவ. மண்ணு அப்பிடி ஒண்ணும் செய்யாதுன்னு நீ ஒரு வார்த்த சொல்லேன். நீ சொன்னா கேப்பாவ."

அந்த வார இறுதியில் ஊரை விட்டுக் கிளம்பிவிடலாம் என்று பையைக்கூட எடுத்தேன். வேறு ஊர்களில் அப்படிச் செய்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை வேன் வந்தபோது எரிந்த வால்வு இரண்டையும் காகிதத்திலிருந்து பிரித்து அவர் கையில் கொடுத்தேன். அந்த அம்மா பின்சீட்டில் இருந்தார்.

"அண்ணாச்சி, மண்ணால இல்ல. நான்தான் கெடுத்தேன். சத்தத்த நிப்பாட்ட டாப்பெட்ட இறுக்கிவிட்டேன். அதுல எக்ஸாஸ்ட்டு வால்வு மூடாம எரிஞ்சுபோச்சு. மண்ணு போனது இன்லெட்டு பக்கம். அது நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவ சொல்லச் சொன்னாளா?"

நான் பதில் சொல்லுமுன் என் முகம் சொல்லிவிட்டது போலிருக்கிறது.

"மைனி சொல்லச் சொன்னது உண்மதான் அண்ணாச்சி. ஆனா இது..."

"மண்ணு உள்ள போனா என்ஜின் தாங்காதுன்னு நீருதான சொன்னீரு?"

"சொன்னேன்."

"அது பொய்யா?"

"பொய் இல்ல."

"பெறவென்ன?" அவர் என் தோளில் கை வைத்தார். கோபமே இல்லை. "நல்ல மனசுவே உமக்கு. எனக்காக ஓம்ம தொழிலையே கொறச்சுப் பேசுதீரு. இந்தா பாரும், எப்பிடி அரிச்சிருக்கு. மண்ணு அரிக்காம இரும்பு இப்பிடிப் போகுமா?"

நெருப்பு தின்றதென்று சொன்னேன். இடைவெளி என்றேன், சூட்டில் நீளும் என்றேன், தகடுகளை எடுத்துக் காட்டினேன். குழந்தைக்குத் தலையாட்டுவதுபோலத் தலையாட்டினார். அவர் நம்பவே இல்லை.

அந்த அம்மா நம்பினார். ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெசமா தம்பி?"

"ஆமா மைனி."

கேலி ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். ஏசினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்" என்றார். அப்புறம் கணவரிடம், "ஏங்க, நேரமாவுது, எடுங்க" என்றார்.

அவர் எடுக்கவில்லை. முன்சீட்டைத் தூக்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார்.

"வே, அந்தக் காத்துப் பெட்டியை ஒருக்கத் தொறந்து காட்டும்."

"அதுல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. வேல முடிச்ச அன்னைக்கே நல்லாத் தொடச்சுட்டேன்."

"இருந்துட்டா?"

நான்கு கிளிப்பையும் தட்டிவிட்டு மூடியை எடுத்தேன். அவர் துண்டின் நுனியை விரலில் சுற்றிக் குழாயின் வாயைச் சுற்றித் துடைத்தார். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுத்தமாகத்தான் இருந்தது. இன்னொரு முறை துடைத்தார்.

இப்போதும் செவ்வாய், வெள்ளி எட்டு மணிக்கே வந்துவிடுகிறார். மூடியை நான் திறக்கிறேன், அவர் துடைக்கிறார், நான் மூடுகிறேன். இந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. பை கொடியில் தொங்குகிறது. நான் போய்விட்டால் அந்தப் பெட்டியை அவருக்கு யார் திறந்து காட்டுவார்கள் என்று தெரியவில்லை. அவருக்குத் திறக்கத் தெரியும். ஆனால் இப்போது தன் கையால் அந்தக் கிளிப்பைத் தொடமாட்டேன் என்கிறார்.